பொதுப்புத்தியின் மீது சுமத்தப்பட்ட பழி

தமிழில் சமூகத்தையும் தத்துவத்தையும் பற்றி எழுதுவோரிடையே சில பத்தாண்டுகளாக வேரூன்றிவிட்ட கருத்து ஒன்று உண்டு. மக்கள் ஆராயாமலே உண்மையென்று ஏற்று வாழும் நம்பிக்கைகளின் தொகுதியாகிய பொதுப்புத்தி, ஆதிக்கத்தில் இருப்பவர்கள் காலங்காலமாக அவர்கள் மனத்தில் படியவிட்ட வண்டல் என்றும், அதை ஐயுறுவதே சிந்தனையின் தொடக்கம் என்றும், அதன்மேல் நம்பிக்கை வைத்துப் பேசும் எந்தத் தத்துவமும் உள்ள நிலையைக் கட்டிக்காக்கும் தத்துவமே என்றும் அக்கருத்து கூறுகிறது. சாதியையும் பெண்ணடிமையையும் இனவெறுப்பையும் கண்டிக்கும் கட்டுரைகளில் பொதுப்புத்தி என்பது ஒரு குற்றப்பெயராகவே வழங்குகிறது. ஒரு நிலைப்பாட்டைப் பொதுப்புத்தி சார்ந்தது என்று சொல்லிவிட்டால் அதை மறுத்தாகிவிட்டது என்ற எண்ணம் எழுதுவோரிடமும் வாசிப்போரிடமும் ஒருசேரப் படிந்திருக்கிறது.

இக்கருத்துக்கு ஊற்றுகள் பல. கண்ணுக்குத் திண்மையாகத் தோன்றும் மேசை உண்மையில் பெரும்பாலும் வெற்றிடமே என்று சொல்லும் இயற்பியல் ஒன்று. இத்தாலியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்ஷி 1929 முதல் 1935 வரை சிறையில் எழுதிய குறிப்பேடுகள் மற்றொன்று. காணப்படும் உலகை மாயை என்று ஒதுக்கும் வேதாந்தப் போக்கு இன்னொன்று. மூடநம்பிக்கைகளைச் சாடிய பகுத்தறிவு இயக்கத்தின் நினைவு வேறொன்று. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இந்நான்கும் ஒரே முடிவில் வந்து சந்தித்திருப்பதால், அம்முடிவு மறுக்க முடியாதது போன்ற தோற்றத்தைப் பெற்றுவிட்டது. ஆயினும் அது பிழையான முடிவு. ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, அவர்கள் கையில் இருக்கும் முதன்மையான கருவியையே அது பறித்துவிடுகிறது என்பதால், அதை மறுப்பது ஏட்டுத் தத்துவத்தின் வேலை மட்டுமாக நின்றுவிடாது.

பொதுப்புத்தி மெய்யியல் எதைச் சொல்கிறது என்பதை முதலில் சரியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பழிப்பவர்களில் பலர் இந்த முதல் வேலையைச் செய்வதில்லை. 1739இல் வெளிவரத் தொடங்கிய தம் பெருநூலில், மனம் அறிவதெல்லாம் தன்னுள் தோன்றி மறையும் பதிவுகளை மட்டுமே என்ற அடிப்படையிலிருந்து புறப்பட்ட டேவிட் ஹியூம், அப்பதிவுகளுக்கு அப்பால் நிலைத்திருக்கும் பொருள்களையோ, காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையிலான பிணைப்பையோ, நிலையான ‘தன்’னையோ அறிவால் நிறுவ இயலாது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார், படிப்பறையை விட்டு வெளியேறி நண்பர்களோடு கூடியதும் அந்த ஐயங்கள் தம்மிடம் நிற்பதில்லை என்பதையும் அவரே நேர்மையாக ஒப்புக்கொண்டார். ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஆசிரியராயிருந்த தாமஸ் ரீட், 1764இல் வெளியிட்ட ஆய்வுநூலில், ஹியூமின் தருக்கத்தில் பிழையில்லை, பிழை அவர் தொடங்கிய இடத்தில்தான் இருக்கிறது என்று காட்டினார். மனம் தன் பதிவுகளை மட்டுமே அறிகிறது என்ற கோட்பாடு, அது கவிழ்த்துவிட முனையும் நம்பிக்கைகளைவிட எவ்வகையிலும் உறுதி கூடியதன்று. அப்படியிருக்க, உறுதி குறைந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு உறுதி மிகுந்தவற்றைக் கைவிடுவது எந்த முறைமைக்கும் ஒவ்வாது என்பதே அவர் வாதத்தின் உயிர்நிலை.

1785இல் வெளியிட்ட அடுத்த பெருநூலில் ரீட் அந்த அடிப்படைகளைப் பட்டியலிட்டார். புலன்களால் தெளிவாக அறியப்படும் பொருள்கள் உண்மையில் உள்ளன. தெளிவாக நினைவுக்கு வருபவை உண்மையில் நடந்தவை. எதிரே நிற்கும் மனிதருக்கும் உயிரும் அறிவும் உண்டு. பிறர் சொல்லும் சாட்சிக்கு ஒரு மதிப்பு உண்டு. இயற்கையில் இனி நடப்பது இதுவரை நடந்ததை ஒத்திருக்கும். உண்மையையும் பிழையையும் பிரித்தறியும் இயல்பான ஆற்றல்கள் அடியோடு ஏமாற்றுபவை அல்ல. இவையும் இவை போன்றவையுமே அவர் பட்டியலில் உள்ளன. பூமி தட்டை என்பதோ, இன்ன குலத்தார் தாழ்ந்தவர் என்பதோ, கிரகணத்தில் உண்ணக்கூடாது என்பதோ அதில் இல்லை. அவை யாரோ யாருக்கோ கற்பித்த கருத்துகள். ரீட் சுட்டியவை, எந்தக் கருத்தையும் கற்பிக்கவும் கற்கவும் மறுக்கவும் முன்கூட்டியே தேவைப்படுபவை. இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டியதிலிருந்தே குழப்பம் அனைத்தும் கிளைத்திருக்கிறது.

இதை நூல்களுக்கு வெளியே காண்பதற்கு, தமிழர் பெருவாரியாக வாழும் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தைப் போன்ற நெருக்கமான குடியிருப்பு ஒன்றின் குழாயடியே போதும். தண்ணீர் வரும் நேரத்துக்கு முன்பே தன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அடுப்பில் வைத்ததைப் பார்க்கவோ பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பவோ வீட்டுக்குள் போகும் பெண், தான் பார்க்காத நேரத்திலும் குடம் வைத்த இடத்திலேயே இருக்கும் என்று கொள்கிறாள். நீலக் குடத்துக்கு அடுத்தது தன்னுடையது என்ற நினைவை நம்புகிறாள். நேற்று வந்த வேளைக்கு இன்றும் வரும் என்று எதிர்பார்க்கிறாள். பின்னால் குடம் வைத்தவளுக்கும் தன்னைப் போலவே தேவையும் நியாய உணர்வும் உண்டு என்பதை எடுத்துக்கொள்கிறாள். தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டிலிருந்து வரும் குரலைச் சாட்சியாக ஏற்று ஓடிவருகிறாள். ரீடின் பட்டியலில் உள்ள ஐந்தாறு அடிப்படைகள் அந்தக் கால்மணி நேரத்துக்குள் தொழிற்பட்டுவிடுகின்றன. வரிசையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் பேசுகிறவர்கள் நிற்கிறார்கள். தெய்வங்களும் கட்சிகளும் வேறு வேறு. ஆனால் இவ்விஷயங்களில் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை. சச்சரவு மூளும்போதுகூட, யார் முதலில் வைத்தது, அதைப் பார்த்தவர் யார் என்றுதான் கேட்கிறார்கள். ‘முதலில்’ என்று ஒன்று உண்டா என்று எவரும் கேட்பதில்லை. சண்டை நடப்பதற்கே இருவரும் ஏற்றுக்கொண்ட தரை ஒன்று வேண்டியிருக்கிறது.

கேம்பிரிட்ஜ் தத்துவ அறிஞர் ஜி. ஈ. மூர் 1925இல் பொதுப்புத்திக்காக வாதாடி எழுதிய கட்டுரை இதே தரையைக் காட்டுகிறது. காலம் மெய்யன்று, பிற மனங்கள் உண்டோ என்பது தெரியாது என்றெல்லாம் எழுதிய தத்துவவாதிகள், தமக்கு முன் எழுதியவர்களைப் பெயர் சொல்லி மறுத்தும், ‘நாம்’ என்று பன்மையில் பேசியும், தாம் மறுத்தவற்றையே ஒவ்வொரு வரியிலும் உறுதிசெய்கிறார்கள் என்று அவர் எடுத்துக்காட்டினார். 1939இல் தம் இரு கைகளையும் உயர்த்திக் காட்டிப் புறவுலகை நிறுவிய அவருடைய உரை பின்னர் நகைப்புக்கு உள்ளானது. ஆனால் நகைத்தவர்கள், கை இருப்பதைவிட உறுதியான வேறு எந்த முன்னுரையிலிருந்து கை இல்லை என்று நிறுவப்போகிறார்கள் என்ற அவர் கேள்விக்கு விடை சொல்லவில்லை.

இங்கே இம்மானுவேல் காண்டின் கண்டனத்தைக் கணக்கில் எடுக்காமல் போவது நேர்மையாகாது. 1783இல் அவர் ரீடையும் அவரைப் பின்பற்றிய ஆஸ்வால்ட், பீட்டி ஆகியோரையும் ஒருசேரக் கடிந்து, தருக்கத்தால் விடைகாண முடியாத இடத்தில் கூட்டத்தின் கைதட்டலை நாடுகிறார்கள் என்றார். பீட்டியின் எழுத்துக்கு இக்கண்டனம் பெரும்பாலும் பொருந்தும். ரீடுக்குப் பொருந்தாது. அவர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. கணிதமும் நியூட்டனின் இயற்பியலும் கற்பித்தவர் அவர். ஒரு நம்பிக்கை அடிப்படையானதா என்று அறிய அவர் வைத்த அளவுகோல்கள் கடுமையானவை: அதை வாயால் மறுப்பவரும் செயலில் அதன்படியே நடக்க வேண்டியிருக்கிறதா, எல்லா மொழிகளின் அமைப்பிலும் அது பொதிந்திருக்கிறதா, கல்வியும் பழக்கமும் உருவாவதற்கு முன்பே குழந்தையிடம் அது காணப்படுகிறதா என்பவை அவை.

பொதுப்புத்தியை நம்பும் தத்துவம் ஐரோப்பிய இறக்குமதி என்றும், இந்திய மரபு முழுவதுமே காட்சியை ஐயுற்று அதைக் கடந்து செல்லும் மரபு என்றும் சொல்லப்படுவது இன்னொரு தவறு. அத்வைதத்தை மட்டும் இந்தியத் தத்துவம் என்று கொண்டால்தான் அப்படிச் சொல்ல முடியும். ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மீமாம்சை ஆசிரியர் குமாரிலபட்டர், ஓர் அறிவு தோன்றும்போதே தன்னளவில் ஏற்புடையதாகவே தோன்றுகிறது என்றும், பின்னர் வரும் வேறோர் அறிவு அதை முறியடித்தாலோ, அது பிறந்த காரணத்தில் குறை இருப்பது வெளிப்பட்டாலோ மட்டுமே அதைக் கைவிட வேண்டும் என்றும் வாதிட்டார். இதற்குத் தற்பிரமாணக் கொள்கை என்று பெயர். அறிவின் ஏற்புடைமை அதனுள்ளிருந்தே வருகிறது, பிழைதான் வெளியிலிருந்து காட்டப்பட வேண்டும் என்பது அதன் பொருள். ஐயுறுபவரே காரணம் காட்டக் கடமைப்பட்டவர் என்ற ரீடின் நிலை, அவருக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நிறுவப்பட்டுவிட்டது.

நியாய மரபினர் மீமாம்சகரோடு இதில் முரண்பட்டாலும், எல்லையற்ற ஐயத்தை மறுப்பதில் இன்னும் கண்டிப்பானவர்கள். அளவைகளை, அதாவது அறிவு பிறக்கும் வழிகளாகிய பிரமாணங்களை, எதைக் கொண்டு அளப்பது என்று பௌத்த ஆசிரியர் நாகார்ச்சுனர் எழுப்பிய வினாவை ஒத்த ஆட்சேபத்துக்கு, பொன்னை நிறுக்கும் துலாக்கோலை மற்றொரு வேளையில் நிறுத்துச் சரிபார்க்கலாம் என்று நியாய சூத்திரம் விடை கூறுகிறது. ஒவ்வோர் அளவையையும் சோதிக்கலாம், எல்லா அளவைகளையும் ஒரே நேரத்தில் தூக்கியெறிந்துவிட்டுச் சோதிக்க முடியாது என்பது அதன் கருத்து. பத்தாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த உதயணர், புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு என்பதையே ஐயுறுகிறவரைப் பார்த்து, ஐயம் தன் சொந்தச் செயலோடு முரண்படும் இடம்வரையில்தான் ஓடமுடியும் என்றார். புகை வேண்டும்போது நெருப்பையே மூட்டுகிறவர் அந்தத் தொடர்பை ஐயுறுவதாகச் சொல்வது வாய்ப்பேச்சு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் தம் கண்டனகண்டகாத்தியத்தில், முரண்பாடு என்று ஒன்றைச் சுட்டுவதற்கே ஐயம் இருந்தாக வேண்டுமே என்று உதயணரின் செய்யுளையே திருப்பிவைத்து அடித்தார். அதற்கு விடைகூறும் பணியைப் பின்வந்த நியாய ஆசிரியர் கங்கேசர் மேற்கொண்டார். இத்தனை நூற்றாண்டுகள் நடந்த இவ்வழக்கில் பொதுப்புத்தியின் பக்கம் ஒரு தரப்பு எப்போதும் வலுவாக நின்றிருக்கிறது.

தமிழிலும் இவ்வழக்கின் தடம் ஆழமானது. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வைதிகவாதி அளவைகள் பத்தை எண்ணுகிறான். அவற்றுள் காண்டலும் கருதலும் ஒருபுறம் இருக்க, ஐதிகம் என்ற ஒன்றும் இடம்பெறுகிறது. இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்வதைக் கேட்டுத் தெளிவதே ஐதிகம். இதைத் தொடர்ந்தே அறிவுக்கு வரும் குற்றங்கள் எட்டும் சொல்லப்படுகின்றன: கிளிஞ்சலை வெள்ளியாகக் கொள்ளும் திரியக்கோடல், கட்டையோ ஆளோ என்று தடுமாறும் ஐயம், ஆராயாமலே கட்டையை ஆள் என்று முடிவுகட்டும் தேராது தெளிதல் முதலியன. எது கண்டறிந்தது, எது ஊர்ப்பேச்சு, எது தேராமல் தெளிந்தது என்று இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துவைத்த மொழியில், மூன்றையும் பொதுப்புத்தி என்ற ஒரே மூட்டைக்குள் திணித்துத் தூக்கியெறிவது வருந்தத்தக்கது. மரத்தில் பேய் உண்டு என்பது ஊரார் எல்லாரும் சொல்வதாயினும் ஐதிகமே. அங்கே மரம் உண்டு என்பது எவரும் வாய்திறந்து சொல்லாவிட்டாலும் காட்சி. பேயை விரட்டுவதற்கு மரத்தை ஐயுற வேண்டியதில்லை. சைவ சித்தாந்தத்திலும் அருணந்தி சிவாசாரியர் அளவை இயலை முதலில் வைத்து, ஐயமும் திரிபும் நீங்கிய காட்சி எது என்று வரையறுத்த பிறகே மற்றவற்றுக்குச் செல்கிறார். உலகம் பொய் என்ற மாயாவாதத்தை மறுப்பது, பிற கொள்கைகளை மறுக்கும் பகுதியாகிய அவர் நூலின் பரபக்கத்துக்கு ஒரு முக்கிய நோக்கம்.

அறிவியலின் பெயரால் எழுப்பப்படும் தடை விரைவில் தீர்வது. வானியற்பியல் அறிஞர் ஆர்தர் எடிங்டன் 1927இல் ஆற்றிய சொற்பொழிவுகளில், தாம் எழுதும் மேசைகள் இரண்டு என்றும், திண்ணிய பழைய மேசையை விலக்கி அணுக்களாலான மேசையையே மெய்யென்று அறிவியல் சொல்கிறது என்றும் கூறினார். மேசை திண்மையானது என்ற சொல்லுக்குப் பொருளே மேசை போன்றவற்றிலிருந்துதான் கிடைக்கிறது, அணுக்களைப் பற்றி எதைக் கண்டறிந்தாலும் அது மேசையின் திண்மை எப்படி ஏற்படுகிறது என்பதற்கான விளக்கமே ஆகும், மறுப்பு ஆகாது என்று தத்துவ அறிஞர் சூசன் ஸ்டெப்பிங் 1937இல் எழுதியதற்குப் பிறகு அவ்வாதத்துக்கு உயிர் இருந்திருக்கக் கூடாது. கருவியின் முள் நிற்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துத்தானே எந்த இயற்பியலாளரும் அளவைக் குறித்துக்கொள்கிறார்.

அறிவியலும் ஊரறிவும் உண்மையில் எப்படி உறவாடின என்பதற்கு, 1898இல் பெங்களூரைத் தாக்கிய கொள்ளைநோயின் வரலாறு பொருத்தமான சான்று. பிளேக் என்ற அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டுபிடித்துவிட்டிருந்தார். ஆனால் அது வீட்டுக்கு வீடு பரவும் வழி தெரியவில்லை. அழுக்கையும் கெட்ட காற்றையும் நோயாளியின் உடைமைகளையுமே குற்றம் சாட்டிய அதிகாரிகள், வீடுகளுக்குள் புகுந்து மருந்து தெளிப்பதிலும் மக்களைப் பிரித்து முகாம்களில் அடைப்பதிலும் முனைந்தார்கள். எலிகள் செத்து விழத் தொடங்கினால் வீட்டைக் காலிசெய்துவிட வேண்டும் என்பதை இந்தியாவின் பல பகுதிகளில், குறிப்பாக இமயமலை அடிவாரக் குமாவுன் கிராமங்களில், மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அறிந்திருந்தார்கள். 1898இல் கராச்சியில் பால்-லூயி சிமோன் எலியிலிருந்து மனிதனுக்கு நோயைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்று காட்டியபோது, அப்போது இயங்கிவந்த பிளேக் விசாரணைக் குழு அதை ஏற்கவில்லை. 1905க்குப் பின் நடந்த ஆய்வுகளே அதை உறுதிசெய்தன. மக்கள் தெள்ளுப்பூச்சியை அறிந்திருக்கவில்லை என்பது மெய். ஆயினும் செத்த எலியைக் கண்டார்கள், கண்டதை நம்பினார்கள், அதன்படி உயிர் பிழைத்தார்கள். சிமோனின் கண்டுபிடிப்பு அந்தக் காட்சிக்குக் காரணம் கூறியது. இடையில் நின்று இரண்டையும் மறுத்தது, மக்கள் பார்த்ததைவிடத் தங்கள் கோட்பாட்டை நம்பிய நிபுணத்துவம். 

கிராம்ஷியைத் துணைக்கு அழைப்பவர்கள் அவரைப் பாதியே படிக்கிறார்கள். பொதுப்புத்தி துண்டுதுண்டானது, கற்கால எச்சங்களும் நவீன அறிவியலும் அதில் கலந்து கிடக்கின்றன என்று அவர் எழுதியது மெய்தான். அதே குறிப்பேடுகளில், ஒவ்வொரு மனிதரும் தத்துவவாதியே என்றும், பொதுப்புத்திக்குள் நல்லறிவு என்று சொல்லத்தக்க நலமான உட்கரு ஒன்று இருக்கிறது, அதை வளர்த்து ஒழுங்குபடுத்துவதே செய்யவேண்டியது என்றும் அவர் எழுதியிருக்கிறார். வெளியிலிருந்து வந்து மக்கள் மனத்தைக் கலைத்துப்போடும் அறிவாளியை அவர் கற்பனை செய்யவில்லை.

உண்மையான எதிர்ப்பு இவை எதிலும் இல்லை. அது வரலாற்றிலிருந்து வருகிறது. தீண்டாமை சரியே என்று ஊரெல்லாம் நம்பியதே, பெண் அடங்கி நடப்பதே இயல்பு என்று எல்லாரும் கருதினார்களே, அந்தப் பொதுப்புத்தியை நம்பியிருந்தால் விடுதலை எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்வியில் நியாயமான கோபம் இருக்கிறது. ஆனால் அக்கேள்வியிலேயே ஒரு பெருந்தவறும் இருக்கிறது. தீண்டாமை சரியே என்று ஊரெல்லாம் நம்பவில்லை. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நம்பினார்களா என்று யார் கேட்டார்கள்? ஒரு சிலரின் கருத்துக்கு ‘எல்லாரும்’ என்ற பெயரைக் கொடுப்பது ஆதிக்கத்தின் பழைய உத்தி. பொதுப்புத்தியைச் சாடுகிறவர்கள் அறியாமலே அந்த உத்தியை ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவனைப் பேயாகக் கருதச் சொல்லும் 850ஆம் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், உலகத்தார் என்ற இடத்தில் உயர்ந்தோரை வைத்து, உண்டு என்பதற்குக் கடவுளையும் மறுபிறப்பையும் இருவினைப் பயனையும் எடுத்துக்காட்டினார். வழக்கை உயர்ந்தோரோடு பிணைத்த தொல்காப்பிய மரபியலின் வழியில் அவர் நின்றார் என்று அமைதி கூறலாம். எனினும் உலகம் என்ற பரந்த இடத்தில் ஒரு சிறு வட்டம் வந்து உட்கார்ந்துகொண்ட விதம் அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. அந்த வட்டத்தை எழுப்பிவிட்டு உலகத்தாரை மீண்டும் அங்கே அமர்த்துவதை விட்டுவிட்டு, உலகத்தாரையே பழிப்பது எதிரியின் கணக்கை அப்படியே ஒப்புக்கொள்வதாகும்.

அயோத்திதாச பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழிலும், பெரியார் 1925இல் தொடங்கிய ‘குடி அரசு’ இதழிலும் கையாளப்பட்ட வழி இதற்குச் சான்று. இருவருடைய முடிவுகளும் வேறு வேறு. ஆயினும் சான்று எங்கே, கண்டவர் யார், தொட்டால் தீட்டு என்றால் தொட்ட கையில் என்ன மாறியது என்று எந்த உழைப்பாளிக்கும் விளங்கும் எளிய கேள்விகளாலேயே புராணத்தையும் சாத்திரத்தையும் எதிர்கொண்டார்கள். கண்டதை நம்பு என்று மக்களுக்குத் துணிவூட்டியதே அவர்கள் செய்தது; கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்தில் திரண்டதற்கும் அதுவே காரணங்களுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது. பகுத்தறிவு இயக்கத்தைப் பொதுப்புத்திக்கு எதிரான சாட்சியாக நிறுத்துபவர்கள் தவறான சாட்சியை அழைக்கிறார்கள்.

சட்டத்துறையில் பொதுப்புத்திக்கும் ஐதிகத்துக்கும் இடையிலான இவ்வேறுபாடு உயிர் போகும் விஷயமாகவே ஆகியிருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, இயற்கை நிகழ்ச்சிகளும் மனித நடத்தையும் வழக்கமாக நடைபெறும் போக்கைக் கருதி, நடந்திருக்கக்கூடியதை நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. பொதுப்புத்தியைச் சட்டம் வெளிப்படையாகத் துணைக்கு அழைத்த இடம் அது. மகாராஷ்டிரத்தில் 1972இல் காவல்நிலையம் ஒன்றுக்குள் பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவலர்களால் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்ட வழக்கில், உடலில் காயம் இல்லை, கூச்சலிடவில்லை என்பவற்றைக் கொண்டு அவள் இணங்கினாள் என்று கருதி, 1978இல் உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. பொதுப்புத்தியைப் பழிப்போருக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று தோன்றும். ஆனால் அந்தத் தீர்ப்பு எப்படி எதிர்க்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த கடிதம், பணிந்துபோவதும் இணங்குவதும் ஒன்றாகுமா என்று கேட்டது. இரவில், காவல்நிலையத்துக்குள், அதிகாரமுள்ள ஆடவர்களிடம் அகப்பட்ட ஏழைச் சிறுமி அச்சத்தால் வாயடைத்துப் போவாள் என்பதை அறிய எந்தக் கோட்பாடும் தேவையில்லை. பெண்ணாய்ப் பிறந்த யாரைக் கேட்டாலும் தெரியும், உற்று நோக்கினால் ஆணுக்கும் தெரியும். நீதிபதிகள் மனித நடத்தையின் போக்கு என்று எடுத்துக்கொண்டது ஆண்களின் ஐதிகம்; கடிதம் முன்வைத்ததே பொதுப்புத்தி. அந்த எதிர்ப்பின் விளைவாகவே 1983இல் 114அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, காவலில் நடக்கும் இத்தகைய குற்றங்களில் பெண் தான் இணங்கவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றே தொடங்க வேண்டும் என்றாயிற்று. குமாரிலரின் சொற்களில் சொன்னால், அவள் அறிவிப்பு தன்னளவில் ஏற்புடையது, மறுப்பவரே காரணம் காட்ட வேண்டும்.

ஸ்ரீராம்புரத்துத் தமிழர்களைச் சூழ்ந்து நிற்கும் வரலாறும் இவ்வாதத்தின் பக்கமே பேசுகிறது. காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25இல் 205 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழ்நாட்டுக்கு விடும்படி இடைக்கால ஆணை பிறப்பித்தது. அது டிசம்பரில் அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை வெடித்தது, உயிர்கள் போயின, குடிசைகள் எரிந்தன, பல்லாயிரவர் ஊரைவிட்டு ஓடினார்கள். இத்தகைய நிகழ்வுகளைப் பொதுப்புத்தியில் உறைந்த இனவெறுப்பின் வெளிப்பாடு என்று விளக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவ்விளக்கம் நடந்ததைத் தலைகீழாக்குகிறது. தமிழ் பேசுகிறவர் எல்லாரும் தமிழ்நாட்டுத் தரப்பினர், அவருக்குப் போகும் தண்ணீர் நமக்கு இல்லாமற்போகும் தண்ணீர் என்ற எண்ணமே அந்த வன்முறைக்கு அடிநிலை. ஸ்ரீராம்புரத்துக் குழாயைத் திறந்தால் வருவது, தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம் நீரேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 177.25 டி.எம்.சி. ஆகக் குறைத்து, கர்நாடகத்துக்குக் கூடுதலாக ஒதுக்கிய 14.75 டி.எம்.சி.யில் 4.75ஐப் பெங்களூரின் குடிநீருக்கென்றே குறித்தது. அந்தத் தண்ணீரில் அந்நகரத் தமிழருக்கும் கன்னடருக்கும் ஒரே உரிமை. தண்ணீர்ப் பங்கீட்டில் இந்நகரின் தமிழர் கர்நாடகத் தரப்பில் நிற்பவர் என்பது குழாயடியில் ஒரே வரிசையில் குடம் வைத்த ஒவ்வொருவருக்கும் கண்கூடு. கண்கூடான அதை மூடிமறைத்த வதந்தியும் மேடைப்பேச்சும் மரத்துப் பேயின் இனத்தைச் சேர்ந்தவை. ரீடின் அளவுகோல்களில் ஒன்றைக்கூட அவை தாண்டுவதில்லை: குழந்தைக்கு அவற்றைக் கற்பித்தாக வேண்டும், எரியும் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே அவற்றை நம்பாமல் பக்கத்து வீட்டாரை உள்ளே அழைத்துக் கதவைத் தாழிடுவோர் இருப்பார்கள்.

அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக்கிடந்ததற்கும் மக்களின் உணர்வே காரணம் என்று சொல்லப்பட்டது. 2009 ஆகஸ்ட் 9இல் பெங்களூரில் வள்ளுவரும், நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரும் திறந்துவைக்கப்பட்டார்கள். அந்தப் பதினெட்டு ஆண்டுகளும் ‘மக்கள்’ என்ற பெயரில் பேசியவர்கள் மக்களைக் கேட்டிருக்கவில்லை. மக்கள் நம்புவது ஒன்று, மக்கள் நம்புவதாகச் சொல்லப்படுவது மற்றொன்று. பொதுப்புத்தியைக் கண்டிப்பவர்கள் இரண்டாவதை எடுத்து முதலாவதன் தலையில் ஏற்றுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயவாதத்தை விடாமல் பற்றிநிற்க ஒருவருக்கு உரிமை இல்லையா என்றால், உண்டு. ஆனால் அதற்குரிய விலையை அவர் கொடுக்க வேண்டும். ஸ்ரீஹர்ஷர் அதைக் கொடுத்தார். தாம் எதையும் நிறுவ வரவில்லை, பிறர் நிறுவுவதைக் குலைப்பது மட்டுமே தம் வேலை என்று அறிவித்துவிட்டு அவர் களத்தில் இறங்கியதால், நீங்கள் சொல்வதற்கு அளவை எது என்று எவரும் அவரை மடக்க முடியவில்லை. சாதியைக் கண்டிக்கும் இன்றைய எழுத்தாளருக்கு அந்த ஏற்பாடு கைகொடுக்காது. இன்னார் அடிக்கப்பட்டார், அவருக்கு வலித்தது, பார்த்தவர் இன்னார், அவர் சொல்வது நம்பத்தக்கது, நேற்று நடந்தது இன்று தடுக்கப்படாவிட்டால் நாளையும் நடக்கும் என்று அவர் சொல்லியாக வேண்டும். அந்த ஒரே வாக்கியத்துக்குள் புறவுலகும், பிற மனமும், நினைவும், சாட்சியும், இயற்கையின் ஒழுங்கும் அடங்கியிருக்கின்றன. இவற்றுள் ஏதாவது ஒன்றை ஆதிக்கத்தின் வண்டல் என்று ஒதுக்கினாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எழுந்து அதையே பிடித்துக்கொள்வார், அடிபட்டவரின் சாட்சியம் அங்கேயே விழுந்துவிடும்.